அடுக்கு கார்பைடின் அணு அமைப்பு: எக்ஸ் கதிரா, எலக்ட்ரான் நுண்ணோக்கியா?

மூன்று டைட்டானியம் அடுக்கு, அடுத்து ஒரு சிலிக்கான் அடுக்கு, டைட்டானியங்களுக்கு இடையே கார்பன். டைட்டானியம் சிலிக்கான் கார்பைடின் இந்த அறுகோண அமைப்பை 1967-லேயே எக்ஸ் கதிர் விளிம்பு விளைவால் (படிகத்தில் பட்டு கதிர்கள் சிதறும் திசைகளைக் கொண்டு) கண்டறிந்துவிட்டார்கள்.

இன்றும் என் முதல் தேர்வு அதுதான். அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டத்தின்) உயரம் சுமார் 17.7 ஆங்ஸ்ட்ராம், அகலம் 3.07 என்று துல்லியமாகத் தந்துவிடும். கணக்கற்ற துகள்களின் சராசரி என்பதால் மாதிரியில் கலந்த வேற்றுச் சேர்மங்களும் மாட்டிக்கொள்ளும். ஒரு சிக்கல்: தட்டையான துகள்கள் தூளை அழுத்தும்போது ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்ளும். அடுக்குத் தளங்களிலிருந்து பதிவாகும் முகடுகள் (கதிர் வலுவாகச் சிதறும் கோணங்களில் வரைபடத்தில் எழும் கூர்முனைகள்) மட்டும் அளவுக்கு மீறி உயரும். அதைத் திருத்தாமல் கணக்கிட்ட அணு இடங்களை நம்பவே கூடாது.

வருடு ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி (STEM) அடுக்குகளை நேரடியாகவே காட்டுகிறது. அணு எண் கூடக் கூடப் புள்ளி பளிச்சிடும். டைட்டானியம் (22) வெளிச்சமாகவும் சிலிக்கான் (14) மங்கலாகவும் தெரியும். ஓரிடத்தில் மூன்றுக்குப் பதில் நான்கு டைட்டானியம் அடுக்குகள் வந்திருந்தால் எண்ணியே சொல்லிவிடலாம். எக்ஸ் கதிரில் அப்படிப்பட்ட அரிதான பிழை தடம் தெரியாமல் போய்விடும். ஆனால் மாதிரியை 100 நானோமீட்டருக்கும் கீழே மெலிதாக்க வேண்டும், பார்ப்பதோ மிகச் சிறிய பகுதி.

கார்பன் இரண்டிலுமே மங்கல்தான். அதன் இடம் உறுதியாக வேண்டுமென்றால் நியூட்ரான் விளிம்பு விளைவுக்குத்தான் போக வேண்டும்.

புதுச் சேர்மம் என்றால் எக்ஸ் கதிரில் தொடங்குங்கள். முகடுகள் காரணமின்றி அகன்றிருந்தால் நுண்ணோக்கிக்கு நேரம் கேளுங்கள்.