ஓஎஸ் ஏற்ற ரூஃபஸா, வென்டாயா? வேலூர்ப் பக்கத்து மெஷின்களில் நெடுநாள் புழங்கியதில் தெரிந்தவை

ரூஃபஸ், வென்டாய் இரண்டும், ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) ஏற்றுவதற்கான பென்டிரைவைத் தயாரிக்கும் மென்பொருள்கள். வேலூர்ப் பக்கம் ஓஎஸ் போட வரும் மெஷின்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, காட்பாடி விடுதி மாணவர்களின் புது லேப்டாப். இன்டெல் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளிலிருந்து மெஷின் பூட் ஆகாமல் தடுக்கும் வசதி) ஆனில் இருக்கும், டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) பூட்டியிருக்கும். இன்னொன்று, 2011இல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்து, அண்ணனிடமிருந்து தங்கைக்குக் கைமாறி, குடியாத்தம், பேரணாம்பட்டு வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப். இரண்டுக்கும் ஒரே பென்டிரைவ் சரிவராது. எந்த மென்பொருளில் வசதி அதிகம் என்று பார்ப்பதைவிட, பென்டிரைவ் எந்த மெஷினில் செருகப்படப் போகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 போட என் தேர்வு ரூஃபஸ்தான். சில எம்பி கூட வராத ஒரே ஃபைல், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவுக்குள் (ஓஎஸ் முழுவதையும் ஒரே ஃபைலாக அடைத்த வடிவம்) இருக்கும் முக்கிய விம் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது; ஃபேட்32 என்ற பழைய டிஸ்க் ஃபார்மட் அதைத் தாங்காது. எனவே ரூஃபஸ் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபார்மட்டில் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் தனிப்பகுதி) போட்டு, அதோடு 1 எம்பி அளவில் ஒரு குட்டி பூட் பார்ட்டிஷனையும் சேர்க்கிறது. மெஷின் முதலில் இந்தக் குட்டியைப் படித்து, அதன் வழியாக என்டிஎஃப்எஸ்ஸுக்குப் போகும். சில கணினிகளில் இது தனி டிரைவாகத் தெரியும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் அடித்துவிட்டு, பூட் ஆகவில்லை என்று வருகிறவர்கள் உண்டு.

இந்தக் குட்டிப் பார்ட்டிஷனில் இருப்பது மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டது. அதனால் செக்யூர் பூட்டை அணைக்காமலே வேலை முடியும். இது சின்ன விஷயமில்லை. செக்யூர் பூட்டை அணைத்தால், பிட்லாக்கர் போட்ட லேப்டாப் அடுத்த முறை விண்டோஸ் ஏறும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். கீ பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்கை எந்த மெயிலில் திறந்தோம் என்பதே பல மாணவர்களுக்கு நினைவிருக்காது. பயாஸில் (ஓஎஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் மெஷினின் அமைப்புத் திரை) எதைத் தொடுவதானாலும் முதலில் அந்தக் கீயைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

ரூஃபஸில் ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி வரும். டிபிஎம் (மெஷினில் உள்ள பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட், 4 ஜிபி ராம் நிபந்தனைகளை நீக்குவது, ஆன்லைன் கணக்கு இல்லாமல் லோக்கல் கணக்கு வைப்பது, பிட்லாக்கர் தானாகப் பூட்டாமல் தடுப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. புது லேப்டாப்புக்குப் பார்ட்டிஷன் ஸ்கீம் (டிஸ்க்கைப் பிரிக்கும் முறை) ஜிபிடி, பழையதற்கு எம்பிஆர்.

எல்லாம் சரியாக ஏறியும் இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லையென்றால் ஹார்டுவேரைச் சந்தேகப்படாதீர்கள். 11ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் ஒளிந்திருக்கும். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை (அந்த எஸ்எஸ்டியை விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருள்) இறக்கி, விரித்து, அந்த ஃபோல்டரை அதே பென்டிரைவில் போட்டு வையுங்கள். இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' அழுத்தி அதைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். விஎம்டியைப் பயாஸில் அணைத்தாலும் தெரியும்தான். ஆனால் உள்ளே இருக்கும் பழைய விண்டோஸ் அதன்பின் ஏறாமல் போகலாம். முழுதாக அழித்துப் போடும்போது மட்டும் அந்த வழி.

பழைய லேப்டாப்புகளுக்கு வென்டாய். ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், அதன்பின் ஐஎஸ்ஓ ஃபைல்களைச் சும்மா காப்பி செய்து போட்டாலே போதும். பூட் செய்யும்போது பட்டியலாக வரும். 2 ஜிபி ராம் உள்ள மெஷினுக்கு எம்எக்ஸ் லினக்ஸா, ஆன்டிஎக்ஸா (இரண்டும் இலகுவான லினக்ஸ் வகைகள்) என்று அங்கேயே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் இந்தத் தேவை இப்போது கூடியிருக்கிறது. இந்தப் பழைய மெஷின்களில் வலுக்கட்டாயமாக விண்டோஸ் 11 ஏற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. கோர் 2 டுயோ காலத்து சிபியு என்றால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு ஏறவே ஏறாது. பாப்கவுன்ட் என்ற கட்டளை அந்த சிபியுவில் இல்லை, ரூஃபஸின் விலக்கும் அதைத் தாண்டாது.

வென்டாயின் பலமே ஓரிடத்தில் தொல்லை. அது லெகசி (பழையது), யூஇஎஃப்ஐ (புதியது) ஆகிய இரண்டு பூட் முறைகளிலும் பூட் ஆகும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்றிருக்கும். தவறான வரியைத் தேர்ந்தால், டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் இன்ஸ்டாலர் 'இந்த டிஸ்க் ஜிபிடி, இதில் போட முடியாது' என்று நிற்கும். பார்ட்டிஷனை அழிக்காதீர்கள், ரீஸ்டார்ட் செய்து மற்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போய் பூட் மெனுவை முதலில் எனேபிள் செய்ய வேண்டும். எச்பியில் எஃப்9.

செக்யூர் பூட் உள்ள மெஷினில் வென்டாய் முதல் முறை நீலத்திரை காட்டும். 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' போய், வென்டாயின் சிறிய பார்ட்டிஷனில் உள்ள கீயைச் சேர்த்து ரீபூட் செய்தால் ஏறும். சொந்த மெஷினில் பரவாயில்லை. அடுத்தவர் லேப்டாப்பில் ஒரு கீயை நிரந்தரமாக விட்டுவருவது எனக்கு உடன்பாடில்லை. அங்கே ரூஃபஸ் பென்டிரைவையே கொண்டுபோங்கள்.

இனி மென்பொருளைவிட அதிகம் படுத்துவது பென்டிரைவ். மலிவு விலையில் 64 ஜிபி என்று விற்பதில் சில, உள்ளே 8 ஜிபிகூட இல்லாதவை. காப்பி ஆவதுபோலவே காட்டும். கொள்ளளவைத் தாண்டிய பகுதி வெறும் குப்பை. விண்டோஸ் போடும்போது பாதியில் 0x8007025D என்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் (ராம் கெட்டிருந்தாலும் அதே எண் வரும்). புதிதாக வாங்கியதும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற சோதனை மென்பொருளை ஓட்டி முழு அளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். வென்டாயில் காப்பி பாதியில் கரன்ட் போனாலோ, எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினாலோ ஐஎஸ்ஓ அரைகுறையாகிவிடும். பெயர் மட்டும் பட்டியலில் வரும். அந்தப் பட்டியலிலேயே எம் கீயை அழுத்தி செக்சம் (ஃபைல் சேதமில்லாமல் இருக்கிறதா என்று ஒப்பிட உதவும் எண்) பார்க்கலாம்.

எட்சர் என்ற இன்னொரு மென்பொருள், பென்டிரைவில் எழுதி முடித்ததும் தானே திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. புதிதாக லினக்ஸ் போடுபவருக்கு நல்லது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு ஆகாது. இதில் எழுதியபின், அல்லது ரூஃபஸின் டிடி முறையில் (ஐஎஸ்ஓவை அப்படியே நகலெடுப்பது) எழுதியபின், விண்டோஸில் செருகினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை முடிந்து பென்டிரைவின் முழு அளவு திரும்ப வேண்டுமென்றால், ரூஃபஸில் 'நான் பூட்டபிள்' தேர்ந்து ஒருமுறை எழுதினால் போதும்.

வீட்டில் லினக்ஸ் மட்டும் இருக்கிறது, விண்டோஸ் பென்டிரைவ் வேண்டும் என்றால் ரூஃபஸ் ஓடாது. வென்டாய்க்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. நிறுவும்போது பார்ட்டிஷன் எண் இல்லாத முழு டிரைவின் பெயரைக் கொடுக்க வேண்டும். அந்தப் பெயரை அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு என்டர் அழுத்துங்கள். பெயர் மாறினால் அழிவது உங்கள் ஹார்டு டிஸ்க்.