சேலத்தில் 'ஃபேரி ராஸ்' வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சேலத்தில் உப்புத்தண்ணீர் தொட்டி வைத்திருப்பவர்கள், வைக்க ஆசைப்படுபவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ராஸ் என்பது ஒரு வண்ணக் கடல்மீன் குடும்பம். அதில் சின்னதாக, சாதுவாக இருக்கும் ஃபேரி ராஸ் என்று சொல்லி, பெரிதாக வளர்ந்து இறாலைத் தின்னும் மூன் ராஸின் குட்டியை ஒரு கடையில் எனக்கு விற்றிருக்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயரை விட, அவர்கள் அதைச் செய்த விதம் தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

ராஸ் குடும்பத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. விரல் நீளத்துக்கு மேல் வளராதவையும் உண்டு, 2 மீட்டரைத் தாண்டும் நெப்போலியன் ராஸும் உண்டு. அதனால் வெறுமனே 'கலர் ராஸ்' என்று கேட்டால் எது வேண்டுமானாலும் வரும். நான் அப்படிக் கேட்கவில்லை. என்னுடையது 4 அடித் தொட்டி, அதில் ஒரு ஜோடி க்ளவுன் மீனும் இரண்டு கிளீனர் இறாலும் இருக்கின்றன, இறாலைத் தொடாத சாதுவான ஃபேரி ராஸ் ஒன்று வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதினேன். தொட்டியின் போட்டோவையும் அனுப்பினேன்.

"மாலத்தீவு ஐட்டம் அக்கா. இறாலை ஒண்ணும் பண்ணாது. மூணு இஞ்ச்சுக்கு மேல வளராது" என்று கடைக்காரரிடமிருந்து குரல் பதிவில் பதில் வந்தது. 2022-ல் மாலத்தீவு விஞ்ஞானி ஒருவரும் சேர்ந்து புதிய இனம் என்று விவரித்த ரோஜா நிற ஃபேரி ராஸின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மீன்கள் மேல் எவ்வளவு ஆசை வரும் என்று தெரியும். 40 மீட்டருக்குக் கீழே ஆழத்தில் வாழ்கிற மீன் அது. அதைத்தான் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லவில்லை. ஆனால் மாலத்தீவு என்ற பெயரைச் சொல்லித்தான் 6,500 ரூபாய் வாங்கினார். பணத்தை முழுதாக முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்.

மீன் சென்னையிலிருந்து இரவு ஆம்னி பஸ் பார்சலில் வந்தது. பையைத் திறந்ததும் அந்தத் தண்ணீரை, உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன். 1.017. எண் குறைந்தால் உப்பு குறைவு என்று அர்த்தம். "நம்ம சிஸ்டம் எப்பவும் 1.025 தான்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. உப்பு விலை மிச்சமாகும், ஒட்டுண்ணிகளும் அடங்கியிருக்கும் என்பதற்காகப் பல கடைகள் உப்பைக் குறைத்தே வைக்கின்றன. அதில் இருந்த மீனைத் திடீரென்று 1.025-ல் விட்டால் அதன் உடம்பிலிருந்து நீர் வெளியேறும். தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு உடல் வறண்டு சாகும். உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், கூடுவதை அவ்வளவு எளிதில் தாங்காது. கடைக்காரர் சொன்ன எண்ணை நம்பி, பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டுத் திறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஓரிரு நாளில் மீன் செத்தால், "உங்க தண்ணி சரியில்லைக்கா" என்று கடைக்காரர் சொல்வார். அவர்களும் தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு இன்னொரு மீன் வாங்குவார்கள். எனக்கு இதில்தான் அதிகக் கோபம்.

மீனைத் தனித் தொட்டியில் வைத்து, நாளுக்கு 0.001, 0.002 என்று உப்பை ஏற்றினேன். பிழைத்துக்கொண்டது.

அப்போதுதான் அதன் முதுகுத் துடுப்பின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியும், வால் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்படலமும் கண்ணில் பட்டன. போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். "குட்டில அப்படித்தான் இருக்கும் அக்கா, வளர வளர கலர் மாறும்" என்றார். இந்தப் பதிலில் உண்மையும் கலந்திருப்பதுதான் ஆபத்து. ராஸ் மீன்கள் நிஜமாகவே நிறம் மாறும். குட்டிக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், ஆணுக்கு வேறொரு நிறம். கூட்டத்தில் ஆண் இல்லாமல் போனால் பெரிய பெண் மீனே ஆணாக மாறிவிடும். இது ஃபேரி ராஸுக்கும் பொருந்தும், மூன் ராஸுக்கும் பொருந்தும். எந்த மீனை எந்தப் பெயரில் விற்றாலும் 'கலர் மாறும்' என்ற ஒரே பதிலை வைத்துச் சமாளித்துவிடலாம்.

என் 4 அடித் தொட்டிக்கு மாற்றியபின் சில வாரங்கள் பிரச்சினை இல்லை. அப்புறம் ஓர் இறால் தோல் உரித்த இரவுக்கு மறுநாள் காணாமல் போனது. அடுத்ததை, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, என் கண் முன்னால் பாறையில் அடித்து அடித்துத் தின்றது. சென்னையில் நெடுநாளாக மரைன் தொட்டி வைத்திருக்கும் தோழியிடம் வீடியோவைக் காட்டினேன். "இது மூன் ராஸ்டி. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் பாறையெல்லாம் இருக்கும். இங்க கொளத்தூர் மீன் கடைகள்ல சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம்" என்றாள்.

மீன் மேல் ஒரு குற்றமும் இல்லை. வளர்ந்த மூன் ராஸ் அத்தனை அழகு: பச்சை உடம்பில் ஊதாக் கோடுகள், வாலில் மஞ்சள் பிறை. ஆனால் 25 செ.மீ. வரை வளரும், நாள் முழுக்க ஓயாமல் நீந்தும், இறால், நண்டு, குட்டி மீன் என்று பிடித்துத் தின்பதுதான் அதன் பிழைப்பு. அதற்கு 6 அடியாவது வேண்டும். 4 அடிக் கண்ணாடிக்குள் அது திரும்பித் திரும்பி முட்டுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இப்போது பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

பணத்தைக் கேட்டபோது, "உயிருள்ள ஐட்டத்துக்கு ரிட்டன் கிடையாது" என்றார்கள். பில்லைப் பார்த்தால் 'மரைன் மீன் – 1' என்று மட்டும் இருக்கிறது. கொஞ்சம் சத்தம் போட்டதும், பதிலுக்கு ஒரு கிளீனர் ராஸ் தருவதாக இறங்கி வந்தார்கள். அதுவும் வேண்டாம் என்றேன். கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் உடம்பிலிருக்கும் ஒட்டுண்ணியைத் தின்று வாழ்கிறது. வீட்டில் இருக்கிற நாலைந்து மீன்களை வைத்து அதற்கு வயிறு நிறையாது, பெரும்பாலும் பட்டினியில்தான் போய்ச் சேரும். அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் வேறொரு மீனும் கடலில் உண்டு. சுத்தம் செய்ய வருவதுபோல் வந்து துடுப்பைக் கடித்துவிட்டுப் போகும். வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும்: கிளீனர் ராஸுக்கு வாய் மூக்கின் நுனியில் இருக்கும், போலிக்கு மூக்கின் அடியில் இருக்கும்.

என் கதை மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஏற்காட்டில் இருக்கும் ஒரு பெரியவருக்கு, மணலே போடாத தொட்டிக்கு, மஞ்சள் நிற ஹாலிகோரஸ் ராஸை விற்றிருக்கிறார்கள். "மண்ணு வேணுமாப்பான்னு நான் கேட்டேம்மா, வேணாம் சார், கிளீன் பண்றது ஈஸின்னான்" என்றார். அந்த வகை ராஸ் இரவில் மணலுக்குள் புதைந்துதான் தூங்கும், பயந்தாலும் மணலுக்குள்தான் பாயும். இரண்டு மூன்று அங்குலம் நைஸான மணல் இல்லாவிட்டால் அடிக்கண்ணாடியில் மூக்கை இடித்து இடித்து வாய் புண்ணாகிவிடும், தின்ன முடியாது. அவருடைய மீன் அப்படித்தான் செத்தது. ஃபேரி ராஸுக்கு மணல் அவசியமில்லை, அது பாறை இடுக்கில் தன்னைச் சுற்றி ஒரு சளிக்கூடு கட்டிக்கொண்டு தூங்கும். இந்த வித்தியாசம் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அதனால் எந்த ராஸ் வாங்கினாலும் அதன் அறிவியல் பெயரை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், அதே பெயர் பில்லிலும் இருக்கட்டும். ஃபேரி ராஸ் என்றால் சிர்ரிலாப்ரஸ், மூன் ராஸ் என்றால் தலசோமா லூனாரே. கடையில் அது இரை எடுக்கும் வீடியோ கேளுங்கள். பை வந்ததும் முதலில் உப்பை அளந்து, அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். தொட்டிக்கு மேலே வலை மூடி கட்டாயம், ராஸ் துள்ளும். 'லைவ் ராக்கோட (தொட்டியில் வைக்கும் உயிருள்ள கடல் பாறை) பவளமும் சேர்த்துத் தரேன்' என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். நம் கடலின் பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுப்பதும் விற்பதும் குற்றம்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கியதற்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். நான் குரல் பதிவு, பார்சல் ரசீது, பில், உப்பு அளந்த போட்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்த ஏற்காட்டுப் பெரியவரும் தன் ரசீதைத் தேடி எடுத்துவிட்டார். அதே கடையில் இதுபோல் வாங்கி நஷ்டப்பட்டவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். நேற்றுகூட அவர்கள் ஸ்டேட்டஸில் ஒரு மூன் ராஸ் குட்டியின் படத்தை 'மாலத்தீவு ஃபேரி, ஒரு பீஸ்தான் இருக்கு' என்று போட்டிருந்தார்கள். அதற்கு யாரும் பணம் அனுப்பிவிடாதீர்கள்.