உள்ளாட்சி இணையதளம் எல்லோருக்கும் பயன்பட: விட்ஜெட்டா, தனிப் பதிப்பா, பழுதுபார்ப்பா, புதுத் தளமா?

வரி கட்ட வேண்டும். தளத்துக்குப் போகிறோம், எண்ணைக் கொடுக்கிறோம், பணம் செலுத்தி ரசீதை இறக்கிக்கொள்கிறோம். ஐந்து நிமிட வேலை. பார்வையற்ற ஒருவர் அதே பக்கத்தைத் திறந்தால், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரை வாசிப்பான், கட்டத்துக்குக் கட்டம் 'எடிட், காலி' என்று மட்டும் சொல்கிறது. எதில் பெயர் எழுதுவது, எதில் வரி எண் எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர் கீபோர்டில் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போகிறார். மெனுவுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியவில்லை. கடையாக இருந்தால் இன்னொரு கடைக்குப் போய்விடலாம். உள்ளாட்சி அமைப்பு ஒன்றுதான், அதன் தளமும் ஒன்றுதான்.

இதைச் சரிசெய்ய முன்வரும் அலுவலகங்களின் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. அவற்றை நான் இரண்டு கேள்விகளால் எடை போடுகிறேன். மாற்றுத்திறனாளி ஒருவர் யார் துணையும் இல்லாமல் தன் வேலையை முடிக்க முடிகிறதா? இன்று முடிவது ஆறு மாதம் கழித்தும் முடியுமா?

விலை குறைவாகவும் விளம்பரம் அதிகமாகவும் வருவது விட்ஜெட். தளத்தில் ஒரு வரி நிரலைச் சேர்த்தால் மூலையில் ஒரு சின்னம் தோன்றும். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், பக்கத்தை வாசித்துக் காட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரை வாசிப்பான் தேவைப்படுபவர் அதைத் தன் கணினியிலோ கைபேசியிலோ ஏற்கெனவே வைத்திருக்கிறார். விண்டோஸில் இயங்கும் என்விடிஏ என்ற வாசிப்பான் இலவசம். ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் இருக்கின்றன. தளம் தனியாக ஒரு குரலைக் கொண்டுவந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உலாவியிலேயே உண்டு. மங்கலான எழுத்து தெரியாதவருக்கு அந்த மூலைச் சின்னம் மட்டும் எப்படிக் கண்ணில் படும்?

இதைவிடப் பெரிய குறை, வேர்ச் சிக்கலை விட்ஜெட் தொடுவதே இல்லை. பெயரில்லாத கட்டத்துக்கு என்ன பெயர் என்று அது ஊகிக்கத்தான் முடியும். சாலை அடைப்பைக் காட்டும் படத்துக்கு 'வரைபடம்' என்று குறிப்பு எழுதும். எந்தச் சாலை என்று சொல்லாது. பிடிஎஃப் கோப்பின் உள்ளே போகாது. எந்தத் தளத்தையும் தர விதிகளுக்கு ஏற்றதாக மாற்றிவிடும் என்று தன் செயற்கை நுண்ணறிவுக் கருவியை விளம்பரம் செய்த ஆக்சசிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. அலுவலகங்கள் நம்பிப் பணம் கட்டுவது இப்படிப்பட்ட வாக்குறுதிகளை வைத்துத்தான்.

இரண்டாவது வழி பழையது: படங்கள் இல்லாத 'எழுத்து மட்டும்' பதிப்பைத் தனியாக வைப்பது. நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்காக 1999இல் வெளியிட்ட முதல் டபிள்யூசிஏஜி வழிகாட்டியே இதற்கு இடம் கொடுத்தது. ஆனால் எவ்வளவு முயன்றும் பக்கத்தைச் சரிசெய்ய முடியாவிட்டால் மட்டும், அதுவும் மூலப் பக்கத்தைப் புதுப்பிக்கும் போதெல்லாம் இதையும் புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையில்தான் இந்த வழி சறுக்குகிறது. ஒரே அறிவிப்பை இரண்டு இடத்தில் ஏற்ற அலுவலகத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. குப்பை எடுக்கும் நாள் மாறிவிட்டது என்று மூலத் தளம் சொல்லும், தனிப் பதிப்பு பழைய நாளையே சொல்லிக்கொண்டிருக்கும். பணம் கட்டும் பக்கம் அங்கே இருக்கவே இருக்காது. காது கேளாதவரையும், கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவரையும் இது கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இதன் சாரம் எனக்குப் பிடிக்கும்: வரைபடத்துக்குக் கீழே, அதே பக்கத்தில், அதே விவரத்தை எழுத்துப் பட்டியலாகத் தருவது.

மூன்றாவது, இருக்கும் தளத்தை அதன் நிரலிலேயே பழுதுபார்ப்பது. என் தேர்வு இதுதான். மலைப்பாகத் தோன்றும், ஆனால் தலைப்பகுதி, மெனு, தேடல் பெட்டி, அடிப்பகுதி ஆகிய நான்கும் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வார்ப்புருவில் இருப்பவை. அங்கே ஒரு முறை திருத்தினால் ஆயிரம் பக்கங்களிலும் திருந்திவிடும். பக்கத்தின் மொழியை நிரலில் சரியாகக் குறிப்பதும் அப்படித்தான். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்து வைத்தால் திரை வாசிப்பான் ஆங்கிலக் குரலில் திணறும், அல்லது எழுத்துகளை விட்டுவிட்டுப் போகும். ஒரு சொல்லை மாற்றினால் போதும், இது தீர்ந்தது.

அப்புறம் படிவங்கள். உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிரலோடு பிணைந்த பெயர் இருக்க வேண்டும். கட்டத்துக்குள் மங்கலாக எழுதி, தட்டச்சத் தொடங்கியதும் மறைந்துபோகும் குறிப்பு அதற்கு ஈடாகாது. பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால் பார்வையற்றவருக்கும் நிறக்குருடு உள்ளவருக்கும் பயனில்லை. 'பிறந்த தேதியில் மாதம் விடுபட்டுள்ளது' என்று எழுத்தில் சொல்ல வேண்டும். நெளிந்த எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் கேப்சா கதவையே சாத்திவிடுகிறது. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2, உள்நுழைவுக்கு நினைவாற்றலையோ புதிர் விடுவிப்பதையோ மட்டும் நம்பக் கூடாது என்கிறது. ஒரு முறை கொடுத்த விவரத்தை அதே படிவத்தில் மறுபடி தட்டச்சச் சொல்லக் கூடாது என்கிறது. பொத்தான்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5:1க்குக் குறையக் கூடாது என்பது முன்பிருந்தே உள்ள விதி.

நான்காவது, எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் புதுத் தளம் கட்டுவது. பழைய மென்பொருளில் கை வைக்கவே முடியாது என்றால் வேறு வழியில்லை, சரி. அப்போது டபிள்யூசிஏஜி 2.2இன் ஏஏ நிலையை (அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ளதை) ஒப்பந்தத்திலேயே எழுதி, திரை வாசிப்பானோடு புழங்கும் மனிதர்கள் வரிப் படிவத்தை நிரப்பிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும். பணம் கட்டும் பக்கத்தை வேறொரு நிறுவனம் நடத்தினால் அதற்கும் இதே நிபந்தனை வேண்டும்.

மூன்றாவது, நான்காவது வழிகளைக்கூடச் சாய்த்துவிடுவது ஒன்று உண்டு, பிடிஎஃப். கூட்டத் தீர்மானத்தை அச்சிட்டு, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்றினால் அது வெறும் படம். திரை வாசிப்பானுக்கு அதில் ஒரு எழுத்துகூட இல்லை. தலைப்பு எது, பத்தி எது என்று திரை வாசிப்பானுக்குத் தெரியும்படி உள்ளே குறியிட்ட பிடிஎஃப் கோப்பை ஒழுங்காகத் தயாரிக்கலாம், 2012லிருந்து அதற்கெனத் தனித் தரமே இருக்கிறது. ஆனால் அந்த உழைப்பைவிட அறிவிப்பைச் சாதாரண வலைப் பக்கமாக எழுதிவிடுவது எளிது. கைபேசித் திரைக்கு ஏற்ப மடியும், பெரிதாக்கினாலும் வரிகள் பக்கவாட்டில் ஓடாது. பழைய கோப்புகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றனவே என்று தயங்க வேண்டாம். இன்று முதல் வருவதைப் பக்கமாகப் போடுங்கள், அதிகம் திறக்கப்படும் சிலவற்றை மாற்றுங்கள், மற்றவற்றைக் கேட்பவருக்கு மாற்றித் தருகிறோம் என்று எழுதி வையுங்கள். ஏற்றும் ஊழியருக்கு அரை நாள் பயிற்சி கொடுக்காவிட்டால் எந்த வழியும் ஆறு மாதம் தாங்காது.

சோதிப்பதில் தானியங்கிக் கருவியை மட்டும் நம்பக் கூடாது. படத்துக்குக் குறிப்பு இருக்கிறதா என்று அது சொல்லும். குறிப்பு சரியா என்று சொல்லாது. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு வரி கட்டிப் பாருங்கள். உலாவியில் 400 சதவீதம் பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். அதன் பிறகு இதை அன்றாடம் பயன்படுத்தும் மாற்றுத்திறனாளிகளை, உழைப்புக்கு உரிய ஊதியம் கொடுத்து அழையுங்கள்.

ஏற்கெனவே விட்ஜெட் வாங்கிவிட்ட அலுவலகங்கள் சந்தா முடியும் தேதியைப் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குள் வரிப் படிவத்தையும் புகார்ப் படிவத்தையும் சரிசெய்துவிட்டு, அடுத்த ஆண்டுச் சந்தாப் பணத்தை அந்தச் சோதனையாளர்களின் ஊதியத்துக்கு மாற்றலாம். சிக்கிக்கொண்டவர் உதவி கேட்கத் தொலைபேசி எண்ணோடு மின்னஞ்சலும் இருக்க வேண்டும். காது கேளாதவருக்கு அந்த எண்ணால் பயனில்லை.