வாடகைக்குப் போய் வந்த வீணையைப் புதுசு என்று விற்கிறார்கள், கவனம்

கோலாலம்பூரில் பிள்ளைக்கு வீணை வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு கடையில் 3,800 வெள்ளி கொடுத்து என் மகளுக்கு வீணை வாங்கினேன். தஞ்சாவூரிலிருந்து வந்த புது வீணை என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அது பலருக்கு வாடகைக்குப் போய்த் திரும்பி வந்த வீணை. புகார் கொடுத்து விசாரணைக்காகக் காத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

கடையில் வைத்துப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. பாலிஷ் பளபளத்தது, தந்திகள் புதியவை, மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வீணையைப் பொறுத்தவரை இவை எதையுமே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கம்பிகளான 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெக்கையில் மெழுகு இளகும், மெட்டு லேசாக நகரும், சுருதி விலகும். அதனால் அவ்வப்போது பழைய மெழுகை எடுத்துவிட்டு, புது மெழுகில் மெட்டுகளைச் சுருதிப்படி பதிப்பது, அதாவது மேளம் கட்டுவது, வழக்கமான வேலை. தந்தியும் அடிக்கடி மாற்றுவதுதான். எத்தனை வருடம் உழைத்த வீணையாக இருந்தாலும், மேளம் கட்டி, தந்தி மாற்றி, பாலிஷ் போட்டுவிட்டால் முதல் பார்வைக்குப் புதுசாகத்தான் நிற்கும்.

டீச்சர்தான் கண்டுபிடித்தார். முதல் தந்தியான சாரணியை இழுத்துக் கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வாசித்தபோது சில மெட்டுகளில் தந்தி எதிலோ தடுக்கிய மாதிரி நின்று நின்று போனது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தந்தி ஓடும் இடத்தில் மெட்டில் சின்னப் பள்ளம். வெண்கல மெட்டில் அப்படித் தடம் விழ நிறைய நாள் சாதகம் செய்திருக்க வேண்டும். வேறு சில மெட்டுகளை அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பள்ளம் மறைந்துவிட்டது, ஆனால் அந்த மெட்டுகள் தாழ்ந்துபோய், தந்தி அடுத்த மெட்டில் பட்டு இரைந்தது. அப்புறம் வீணையின் நீளமான கழுத்தான தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்காயைக் கழற்றினோம். அது தண்டியோடு சேரும் இடத்தில், உள்பக்கமாக, ஒரு துண்டு டேப். அதன்மேல் பேனாவால் எழுதிய எண். வாடகைப் பதிவேட்டு எண். பாலிஷ் போட்டவர் கண்ணில் அது படவில்லை.

கடைக்குப் போய்க் கடைக்காரரிடம் கேட்டேன். "அக்கா, வாடகைக்குத்தான் கொடுத்தோம், யாருக்கும் விற்கவில்லையே. முதல் ரசீது உங்கள் பேரில்தான். அப்போ புதுசுதானே?" என்றார். "அண்ணே, வாடகைக்குப் போனதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் இந்த விலை கொடுத்திருப்பேனா?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த மேளம் இலவசமாகக் கட்டித் தருவதாகவும் ஒரு செட் தந்தி தருவதாகவும் சொன்னார். விலையில் ஒரு காசுகூடத் திருப்பித் தர முடியாதாம்.

ரசீதில் யார் பெயர் முதலில் வந்தது என்பது கடைக்காரர் கணக்கு. வாங்குகிறவருக்கு அதுவா முக்கியம்? அந்த மெட்டுகளின் மேல் எத்தனை கைகள் ஓடியிருக்கின்றன, மரத்தில் எத்தனை முறை கை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். கடையில் வருகிறவர்கள் எடுத்து இரண்டு சுரம் வாசித்துப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், அப்படித்தான் வாங்கவும் வேண்டும். கண்ணாடிக்குள் வருடக்கணக்கில் நின்ற வீணையைக்கூட, நின்றது என்று சொல்லி விலையைக் குறைத்தால் வாங்கலாம். வாடகைக்குப் போனது, வகுப்பில் பிள்ளைகள் வாசித்தது, ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்தது, இவையெல்லாம் பழசு. நம் ஊரில் ரீகான் கார் (வெளிநாட்டில் ஓடி இங்கே இறக்குமதியான கார்) விற்கிறவர்கள் அதை ரீகான் என்று சொல்லித்தானே விற்கிறார்கள்? ஜப்பானிலிருந்து வரும் பழைய பியானோக்களும் இங்கே அப்படித்தான் விற்பனையாகின்றன. வீணைக்கு மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

பழைய வீணை மட்டம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஒரே பலா மரத்தில் குடைந்த நல்ல ஏகாண்ட வீணை பழசாக இருந்தாலும், துண்டுகளை ஒட்டி அவசரத்தில் செய்த புது ஒட்டு வீணையைவிட நன்றாகப் பேசும். அதை அதற்குரிய விலைக்கு, தெரிந்து வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

வாங்கப் போகும்போது ஒரு டார்ச் கொண்டு போங்கள். மெட்டுகளைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள், முக்கியமாக நடு ஸ்தாயியில். அங்கேதான் பிள்ளைகள் அதிகம் வாசிப்பார்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேலிருக்கும் உலோகத் தகட்டில் தந்தித் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தந்தியை முறுக்கும் பிருடைகளில் ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துளைக்குள் திரும்பித் திரும்பித் தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும். தந்திகளின் முனைகளைக் கட்டியிருக்கும் நாகபாசத்தைச் சுற்றி மரப்பசை வைத்து அடைத்த பழைய துளைகள் இருக்கலாம். வீணையின் உருண்டையான குடத்தின் மேல்பலகைத் துளைகள் வழியாக உள்ளே வெளிச்சம் அடியுங்கள். புதுப் பலா மஞ்சளாக இருக்கும், நாளாக நாளாகக் கறுத்துப் பழுப்பாகும். நன்றாக ஆறவிட்ட மரத்திலும் வீணை செய்வார்கள் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆனால் உள்ளே தூசியும் ஒட்டடையும் இருந்தால் கேள்வி கேளுங்கள். சுரைக்காயைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். முடிந்தால் டீச்சரையும் கூட்டிப் போங்கள்.

ரசீதில் "புதியது, வாடகைக்கோ வகுப்புக்கோ போகாதது" என்று எழுதி வாங்குங்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, புதுசாக இல்லாத பொருளைப் புதுசு என்று சொல்லி விற்பது குற்றம். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய எந்தப் பொருளுக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் வெறும் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். ஆனால் இது வியாபாரிகளிடம் வாங்கியதற்குத்தான். வீட்டில் சும்மா கிடக்கும் வீணையைத் தெரிந்தவர் யாராவது விற்றால் இந்த வழி கிடையாது, அங்கே இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நான் மனு கொடுத்துவிட்டேன். விசாரணை நாள் வரும்வரை அந்த வீணையில் எந்த வேலையும் செய்யப் போவதில்லை. பள்ளம் விழுந்த மெட்டுகளும் டேப்பும்தான் என் ஆதாரம். கடைக்காரர் சொன்ன இலவச மேளத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தால் அந்த ஆதாரமெல்லாம் அவர் கைக்கே போயிருக்கும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மகள் இப்போது டீச்சர் வீட்டு வீணையில் பயிற்சி செய்கிறாள்.