‘ஆஷ் துரை துப்பாக்கி’: பழைய ரைபிள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டைப் பக்கம் பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். பழம்பொருளுக்கு ‘வரலாறு எழுதித் தருகிறேன்’ என்று ஒருவர் வீடு தேடி வருகிறார். என்னிடம் 18,000 ரூபாய் வாங்கினார். பணம் போனதுகூடப் பெரிதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது வேட்டைத் துப்பாக்கி இல்லை. குறி பார்த்துச் சுடும் போட்டிக்கென்றே செய்த பாயின்ட் 22 ரைபிள், மார்ட்டினி வகை. விசைக்குப் பின்னால் உள்ள லீவரைக் கீழே இழுத்தால் குழாயின் பின்பக்கம் திறக்கும்; ஒரே ஒரு தோட்டா போடலாம். தாத்தா மாஞ்சோலை எஸ்டேட்டில் கணக்குப் பார்த்தவர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்பது ஆச்சி சொன்ன கதை. மிச்சக் கதையையும் தெரிந்துகொள்ளலாமே என்ற ஆசையில்தான் மாட்டினேன்.

வந்தவர் வாய்க்கு வாய் அண்ணாச்சி போட்டார். “துரு ஏறிக் கிடக்கு அண்ணாச்சி, லேசா துடைச்சாத்தான் போட்டோவுல எழுத்து விழும்” என்றார். சரி என்று காபி சொல்ல உள்ளே போனேன். திரும்பி வந்தால் மனுஷன் திண்ணையில் உட்கார்ந்து உப்புத்தாளை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அத்தனை வருஷத்துக் கருநீலம் போய், இடது பக்கம் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது.

பத்து நாளில் லேமினேட் போட்ட சான்றிதழ் வந்தது. மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்டாரே, அந்த கலெக்டர் ஆஷ் வைத்திருந்த ரைபிளாம்! சென்னையில் ஆள் ரெடியாம், லட்சக்கணக்கில் போகுமாம், கமிஷனை மட்டும் முன்னால் கொடுக்க வேண்டுமாம். ஒரு ராத்திரி முழுக்க நானும் சபலப்பட்டேன். திருநெல்வேலிக்காரனிடம் ஆஷ் பெயரைச் சொன்னால் காது நீளத்தானே செய்யும்.

லைசென்ஸ் புதுப்பிக்கும்போது செல்போனில் எடுத்த படம் ஒன்று நல்லவேளையாக அழியாமல் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாக அவர் தேய்த்த இடத்தில் ‘பி.எஸ்.ஏ. கன்ஸ் லிமிடெட்’ என்று பொறித்திருந்தது. பர்மிங்காமில் அந்தக் கம்பெனி 1861லேயே தொடங்கியதுதான். ஆனால் துப்பாக்கிப் பிரிவைத் தனியாகப் பிரித்து இந்தப் பெயர் வைத்தது 1919ல். ஆஷ் செத்தது 1911 ஜூன் 17. அவர் துடைத்தது எந்தத் துருவை என்று அப்போதுதான் உறைத்தது.

வினை அதோடு முடியவில்லை. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனேன். எஸ்.ஐ. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கம்பெனி பேரு எங்க சார்?” என்றார். துப்பாக்கியில் உள்ள பெயரையோ நம்பரையோ அழிப்பது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவின்படி குற்றம். அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அழித்தவரும் அவரே என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது நம் பாடு. பழைய படம், சான்றிதழ், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் காட்டி எழுதிக் கொடுத்தேன். சீரியல் நம்பர் தப்பியிருந்ததால் நானும் தப்பினேன்.

பழம்பொருளுக்கு லைசென்ஸே வேண்டாம் என்றும் அந்தச் சான்றிதழ்க்காரர் சொல்லித் திரிகிறார். அந்த விலக்கு, ரிப்பேர் பார்த்தாலும் சுட முடியாத பழசுக்குத்தான். என்னுடையது இன்றைக்கும் சுடும். அதை லைசென்ஸ் இல்லாதவரிடம் தள்ளிவிட்டால் உள்ளே போவது நாம்தான்.

அப்படி யாராவது வந்தால் படம் எடுக்கட்டும், கையில் மட்டும் கொடுக்காதீர்கள். துருவுக்கு எண்ணெய்த் துணி போதும்.

இப்போது நான் கூப்பிட்டால் அவர் எடுப்பதில்லை. நேற்று தங்கை மகன் அவருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸைக் காட்டினான். ‘ஆஷ் துரை துப்பாக்கி, விற்பனைக்கு.’ படத்தில் துப்பாக்கிக்குப் பின்னால் எங்கள் திண்ணையும், முறத்தில் காய்கிற வற்றலும், நான் கொண்டுவந்து வைத்த காபி டம்ளரும் தெரிகின்றன.