சின்ன இன்வெஸ்ட்மென்ட் பேங்க் எம்டிக்களிடம் பேச வைக்கிறோம் என்று சொல்லி 600 டாலரைச் சுருட்டிவிட்டார்கள். உஷார்!

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் (கம்பெனிகளை வாங்க, விற்க ஆலோசனை சொல்லும் தொழில்) வேலைக்கு முட்டி மோதிக்கொண்டிருக்கும் எல்லோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். நேற்று இரவுதான் அவர்களிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. கோபம் அடங்காமல் எழுதுகிறேன், முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படி மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்றும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயரைப் போட்டால் வழக்கு, கிழக்கு என்று வருவார்கள் என்பதால் என்ன மாதிரி ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஆன்லைனில் 'நெட்வொர்க்கிங் கோச்சிங்' நடத்தும் ஒரு சேவை. சின்ன இன்வெஸ்ட்மென்ட் பேங்க்குகளில் இருக்கும் மேனேஜிங் டைரக்டர் (எம்டி), பார்ட்னர் மட்டத்து ஆட்களின் 'சரிபார்க்கப்பட்ட' ஈமெயில் பட்டியல் தருவார்கள். நம் பெயரில் அவர்களே கடிதம் எழுதி அனுப்புவார்கள். குறைந்தது பத்துப் பேருடன் போனில் பேச வைப்பார்கள், இல்லையென்றால் முழுப் பணமும் வாபஸ். கட்டணம் 600 டாலர்.

நம்பிக்கை எங்கே வந்தது என்று கேட்டால், முதல் வீடியோ காலில்தான் வந்தது. பெரிய பேங்க் ஒன்றில் வைஸ் பிரசிடெண்ட்டாக இருந்தவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். பெரிய பேங்க்குகள் கல்லூரி கல்லூரியாகப் போய், குறிப்பிட்ட சீசனில் ஆள் எடுப்பவை. அந்தக் கதவு மூடிவிட்டால் மூடியதுதான். பத்து இருபது பேர் மட்டும் இருக்கும் சின்ன பேங்க்கில் ஹெச்ஆர் என்று தனியாக யாரும் இருக்கமாட்டார்கள். டீலைக் கொண்டுவருவதும் எம்டி, ஆளை எடுப்பதும் எம்டி. ஒரு கம்பெனியை விற்றுத்தரும் மேண்டேட் (ஒப்பந்தம்) கையெழுத்தானதும் மதிப்பைக் கணக்கிடும் மாடல் போட, வாங்குபவர்களுக்குக் காட்டும் டெக் தயாரிக்க உடனே ஆள் வேண்டும். அந்த வாரம் சரியான ஆளிடமிருந்து நாலு வரிக் கடிதம் வந்தால் அவரே போனை எடுத்துப் பேசுவார். இதெல்லாம் இந்தத் துறையில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். உண்மையைப் பேசுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்?

பிறகு திரையைப் பகிர்ந்து ஒரு ஈமெயிலைக் காட்டினார். அனுப்பியவர் பெயர் மங்கலாக்கப்பட்டிருந்தது. கீழே ஒரே வரி: 'பேசலாமே, வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுங்கள்.' "இது போன வாரம் எங்கள் மாணவர் ஒருவருக்கு வந்தது. அடுத்தது உங்களுக்கு வரும்" என்றார். அந்தக் கால் முடிவதற்குள் 600 டாலர் கட்டியாகிவிட்டது.

பட்டியல் வந்தது. எக்செல் ஃபைல். திறந்து பார்த்தால், சின்ன பேங்க் என்ற தலைப்புக்குக் கீழே எவர்கோர், மோலிஸ்! எவர்கோர் 2006லேயே பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம், மோலிஸ் 2014ல் வந்தது. இரண்டையும் 'பொட்டிக்', அதாவது ஆலோசனை மட்டும் சொல்லும் சிறப்பு பேங்க், என்று சொல்வது வழக்கம்தான், ஆனால் அவை கல்லூரிகளில் வரிசையாக ஆள் எடுக்கும் பெரிய இடங்கள். மீதிப் பேர்களில் பாதி சொத்து மேலாண்மைக்காரர்கள், ரியல் எஸ்டேட் புரோக்கர்கள். உண்மையிலேயே பேங்கர்களாக இருந்தவர்களில் பலர் எப்போதோ வேறு நிறுவனத்துக்கு மாறிப்போனவர்கள். ஈமெயில் முகவரிகள் எல்லாம் 'முதல் பெயர், புள்ளி, கடைசிப் பெயர்' என்று ஒரே அச்சில் ஊகித்து எழுதப்பட்டவை. சரிபார்த்தது எதுவும் இல்லை. கடிதங்கள் கொத்துக் கொத்தாகத் திரும்பி வந்தன.

அதைவிடக் கொடுமை, போய்ச் சேர்ந்த கடிதங்கள். ஒரு எம்டி பதில் போட்டார். அவருடைய நிறுவனம் விற்பவர் பக்கம் நின்று முடித்துக் கொடுத்ததாக ஒரு டீலைப் பாராட்டி என் பெயரில் கடிதம் போயிருக்கிறது. அவர்கள் அந்த டீலில் ஆலோசனை சொன்னது வாங்கியவர் பக்கத்துக்கு! அவர் எழுதியது இவ்வளவுதான்: "அந்த டீலில் நாங்கள் எதிர்ப்பக்கம். இதே கடிதம் இந்த வாரம் வேறு இரண்டு பெயர்களிலும் வந்தது. இனி எழுத வேண்டாம்." அந்த மாதிரி இடத்தில் எல்லோரும் ஒரே அறையில் உட்காருகிறவர்கள். என் பெயர் அங்கே கெட்டுப்போனது போனதுதான். 600 டாலரை எப்படியாவது சம்பாதித்துவிடலாம், அந்த ஒரு கதவை நான் எங்கே போய்த் தட்டுவது?

கேட்டதற்கு முதலில், "மெயில் பாக்ஸ் வார்ம்-அப் ஆகிறது, பொறுங்கள்" என்றார்கள் (புது முகவரியிலிருந்து வரும் கடிதம் ஸ்பாமில் விழாமல் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பழக்குவதாம்). அப்புறம், "உங்கள் ப்ரொஃபைல் கொஞ்சம் வீக்" என்றார்கள். பணம் வாங்கும்போது அதே ப்ரொஃபைல் 'ரொம்ப ஸ்ட்ராங்'! வீடியோ காலில் பேசியவர் "நான் இப்போது வேறு டீமில் இருக்கிறேன், சப்போர்ட்டில் கேளுங்கள்" என்று கழன்றுகொண்டார். சப்போர்ட்டில் போட்ட டிக்கெட்டை யாரும் ஒரு வார்த்தை பேசாமல் 'தீர்க்கப்பட்டது' என்று மூடினார்கள். திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினார்கள். முழுப் பணம் வாபஸ் என்ற உத்தரவாதம் என்ன ஆயிற்று என்றால், அதற்கு ஒரு நிபந்தனை உண்டாம்: பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமாம். முகவரியே பொய் என்றால் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்? நேற்று வந்த கடைசிப் பதில்: பணம் தர முடியாது, ரெஸ்யூமே ரிவ்யூவுக்கு 20 சதவீதத் தள்ளுபடி கூப்பன் தருகிறோம். 600 டாலரை வாங்கிக்கொண்டு கூப்பன்!

விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது மனசு அதில் நிற்கவில்லை. அவசரத்துக்குச் சில மட்டும்.

பட்டியலுக்குக் காசு கொடுக்காதீர்கள். சின்ன பேங்க்குகளின் இணையதளத்திலேயே டீம் பக்கம் இருக்கும், முடித்த டீல்களும் இருக்கும், யார் பக்கம் நின்றார்கள் என்பதோடு. நிதித்துறையைக் கண்காணிக்கும் அமைப்புகளின் பதிவேடுகளும் உண்டு: அமெரிக்காவில் ஃபின்ராவின் புரோக்கர்செக், பிரிட்டனில் எஃப்சிஏ பதிவேடு, இரண்டும் இலவசம். பதிவு பெற்ற ஆள் இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று அங்கேயே பார்க்கலாம். முன்னாள் பேங்கர் என்று சொல்லிக்கொண்டு கோச்சிங் தருகிறவர்களையும் முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.

உங்கள் பெயரில் வேறு யாரையும் கடிதம் அனுப்ப விடாதீர்கள். எவ்வளவு நல்லவர்களாகத் தெரிந்தாலும் சரி.

கார்டில் கட்டியவர்கள் உடனே வங்கியில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் புகார்) போடுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. நான் போட்டிருக்கிறேன். 'சேவை வழங்கப்பட்டது' என்பதற்கு ஆதாரமாக அந்த எக்செல் ஃபைலையே அவர்கள் வங்கிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதே மாதிரி பட்டியல் உங்களில் யாருக்காவது வந்திருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒரே பட்டியலைப் பல பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் என் 600 டாலருக்கும் உங்கள் பணத்துக்கும் சேர்த்தே புகார் கொடுத்துவிடலாம்.