டோங்காரிரோ: கைடுக்குக் காசு கொடுத்தோம், டிரைவர்தான் வந்தார்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் டோங்காரிரோ ஆல்பைன் கிராஸிங் நடக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கைடுக்குப் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். "எங்களோடு நடக்கப்போகிறவரும் வேன் ஓட்டப்போகிறவரும் ஒரே ஆளா?" அவ்வளவுதான். இதைக் கேட்கத் தோன்றாததால் தலைக்கு 260 வீதம் நாங்கள் நான்கு பேர் 1,040 நியூசிலாந்து டாலர் கொடுத்தோம். பணம்கூடப் பரவாயில்லை, அக்கா சரிவில் விழுந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

ஏன் அந்தக் கேள்வி என்று புரிய, பாதை எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். இது போன வழியே திரும்பி வரும் பாதை அல்ல. மேற்கே மங்கடேபோப்போவில் ஏறி, எரிமலையின் முதுகைக் கடந்து, வடக்கே கேடேடாஹியில் இறங்க வேண்டும். சுமார் 20 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். சீசன் மாதங்களில் மங்கடேபோப்போவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் காரை நிறுத்தவும் விடமாட்டார்கள். அதனால் பெரும்பாலானோர் ஏதாவது ஒரு வேனை நம்பித்தான் போகிறார்கள். காலையில் ஒரு முனையில் இறக்கிவிட்டு, மாலையில் மறுமுனையில் ஏற்றிக்கொள்வார்கள். இந்த வேன் கட்டணம், கைடு நடைக்கு வாங்குவதில் ஒரு சிறு பங்குதான். கோடையில் வானம் தெளிவாக இருந்தால், மலையேறிப் பழகியவர்களுக்குக் கைடே தேவையில்லை. வழி நெடுகக் கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்குத் தேவைப்பட்டது. அக்காவுக்கு ஒரு முழங்கால் சரியில்லை. அத்தானுக்கு உயரம் என்றாலே உதறல். நானும் என் மனைவியும் அதுவரை எரிமலையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். ஆக்லாந்தில் இருக்கும் அக்காதான் இணையத்தில் தேடி அந்த நிறுவனத்தைப் பிடித்தாள். "அனுபவமிக்க கைடுடன் ஒருநாள் நடை, வாக்கிங் போல் (ஊன்றி நடக்கும் கம்பு), மழைக்கோட்டு, மதிய உணவு எல்லாம் சேர்த்து" என்று போட்டிருந்தது. பச்சை ஏரிப் பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு கைடு நிற்கிற படம். அந்தப் படத்தில் இருந்தவரை அதற்குப் பிறகு நாங்கள் எங்கேயும் பார்க்கவில்லை.

பிப்ரவரி மாதம். பக்கத்து ஊரான தூராங்கியில் தங்கியிருந்தோம். காலை ஐந்தரைக்கு வருவதாகச் சொன்ன வேன் ஆறு ஐம்பதுக்கு வந்தது. மதியத்துக்கு மேல் காற்று கூடும் என்று முந்தின இரவே முன்னறிவிப்பு சொல்லியிருந்தது. மற்ற வேன்களெல்லாம் அதனாலேயே சீக்கிரம் கிளம்பிப் போயிருந்தன. நம்மாள் வழியில் இன்னும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு, மங்கடேபோப்போ போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு.

அங்கே சாமான்களை எடுத்துக் கொடுத்தார். பத்துப் பேருக்கு ஏழு போல்கள். அக்கா கைக்கு வந்ததில், குழாய்களை நீட்டிப் பிடித்திருக்கும் திருகு பூட்டு தேய்ந்து போயிருந்தது. சும்மா பிடித்து நடக்கும்போது ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்த அந்த நொடியில் கீழ்க்குழாய் சரேலென்று மேல்குழாய்க்குள் போய்விடும். இது எங்களுக்குத் தெரிய வந்தது எட்டுக் கிலோமீட்டருக்கு அப்புறம். மதிய உணவு ஒரு ஆப்பிளும் ஒரு சாண்ட்விச்சும். வழியில் குடிதண்ணீர் கிடைக்காது என்பதைக்கூட அவர் சொல்லவில்லை. அத்தான் எங்கேயோ படித்துவிட்டு ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம்.

வேன் ஓட்டி வந்து கைடாகவும் நடந்த அந்தப் பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும், கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தான். தூரத்தில் நுனி மட்டும் தெரிந்த ங்காருஹோயியைக் காட்டி, "2,287 மீட்டர், சினிமாவில் வந்த மலை" என்றான். நேரமிருந்தால் ஓடி ஏறிவிட்டு வரலாம் என்றும் சொன்னான். அந்தச் சிகரம் இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுக்குப் புனிதமானது, ஏறவேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 1887இல் இந்த மலைகளை நாட்டுக்கே எழுதிக் கொடுத்தது அவர்களில் ஒரு குலத்தின் தலைவரான தே ஹெயுஹெயு. பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறவர் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

சோடா ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுப் பகுதி வரை நடை சுலபம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அங்கே பையன் நின்று, கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டான். "இதுவரை நான். இனிமேல் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போங்கள், வழி தவறவே தவறாது. நான் திரும்பிப் போய் வேனை அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். நாலரை மணிக்குக் கேடேடாஹியில் பார்ப்போம்."

முதலில் வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அத்தான் கேட்டார், "தம்பி, கைடு என்றுதானே பணம் வாங்கினீர்கள்?" அவன் முகம் மாறிவிட்டது. "புக்கிங் மெயிலில் போட்டிருக்கிறதே சார்" என்றான். அத்தான் போனைத் திறந்து தேடினார். போட்டுத்தான் இருந்தது. நான்காவது பத்தியில், ரத்து விதிகளுக்குக் கீழே: "சோடா ஸ்பிரிங்ஸ் வரை கைடின் விளக்கம், அதன்பின் உங்கள் வேகத்தில்." விளம்பரப் பக்கத்தில் இந்த வரி கிடையாது. பணம் கட்டிய பிறகு வரும் மெயிலில் மட்டும்தான்.

யோசித்தால் சின்னக் கணக்குதான். ஒரே ஆள், ஒரே வேன். அந்த ஆள் எங்களோடு 20 கிலோமீட்டர் நடந்தால் வேன் மங்கடேபோப்போவிலேயே கிடக்கும். அப்புறம் மறுமுனைக்கு அதை யார் கொண்டுவருவது? பணம் கட்டும்போதே எங்களுக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

திரும்பியிருக்கலாம். அக்காதான் "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்றாள். டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் படிகளில் மூச்சு வாங்கி ஏறி, சவுத் கிரேட்டர் என்கிற பெரிய சமவெளியில் கால் வைத்தபோது மேகம் இறங்கிவிட்டது. ஒரு கம்பத்தில் நின்றால் அடுத்த கம்பம் மங்கலாகத் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. எங்களோடு வேனில் வந்த ஆறு பேரும் வேகமாக முன்னே போய்விட்டார்கள். நாங்கள் நால்வரும் கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக நடந்தோம்.

ரெட் கிரேட்டர் என்ற எரிமலைப் பள்ளத்தின் முகடு 1,800 மீட்டருக்கு மேல். பாதையிலேயே உயரமான இடம் அது. காற்று ஆளைத் தள்ளியது. முதுகுப் பையின் பட்டை கன்னத்தில் படபடவென்று அடித்தது. அங்கே எங்களுக்கு முன்னால் ஒரு சின்னக் குழு பாறையோரம் குந்தியிருந்தது. ஐந்து பெரியவர்கள், நடுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வேறொரு நிறுவனத்தின் கைடு. மேகம் ஒரு நிமிடம் விலகியபோது அந்தம்மா பள்ளத்தின் பக்கச் சுவரைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். இரும்பு காற்றுப் பட்டு ஆக்ஸைடாகி வந்த சிவப்பு அது. சுவரில் குகை வாய் போலத் தெரிந்தது, எரிமலைக் குழம்பு ஏறிவந்து வடிந்துபோன பிறகு மிஞ்சிய வெற்றுக் குழாய். கைடு என்றால் இதுதான். நாங்கள் ஓரமாக நின்று, காசு கொடுக்காத பாடத்தைத் திருட்டுத்தனமாகக் கேட்டோம்.

இறக்கம்தான் மோசம். முகட்டிலிருந்து ஏரிகள் வரை தளர்ந்த எரிமலைச் சல்லி. கால் வைத்தால் கல்லோடு சேர்ந்து காலும் வழுக்கிப் போகும். அக்கா நாலாவது அடியில் போலின்மேல் சாய்ந்தாள். நான் சொன்ன அந்தப் பூட்டு விட்டது. பக்கவாட்டில் விழுந்து ஐந்தாறு அடி சறுக்கிப் போனாள். உள்ளங்கை கிழிந்தது, கால்சட்டை முழங்காலில் கிழிந்து ரத்தம். அத்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை.

அந்தம்மாதான் இறங்கி வந்தார். தன் குழுவை நிறுத்திவிட்டு, அக்கா கையைக் கழுவிக் கட்டுப் போட்டார். தன் போல் ஒன்றைக் கொடுத்தார். பிறகு இறங்கும் விதத்தைக் காட்டினார்: விரலை ஊன்றாதே, குதிகாலைக் கல்லுக்குள் குத்து, முழங்காலைச் சற்று மடக்கி வை, உடம்பைப் பின்னால் சாய்க்காதே, சறுக்கினால் சறுக்கட்டும், அடுத்த அடியை எடு. ஐந்தே நிமிடம். அத்தான் உட்பட எல்லாரும் இறங்கினோம். "உங்கள் கைடு எங்கே?" என்று கேட்டார். நாங்கள் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கீழே பச்சை ஏரிகள், ஓரத்தில் அழுகிய முட்டை நாற்றத்தோடு நீராவி. ரெட் கிரேட்டரிலிருந்து கரைந்து வரும் தாதுக்களால்தான் அந்த நிறமாம். காலையில் எங்கள் பையன் "ஏரியில் காலை நனைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். என் மனைவி ஷூவைக் கழற்றப் போனாள். அந்தம்மா ஓடி வந்து தடுத்தார். இந்த ஏரித் தண்ணீரைத் தொடக்கூடாது. அடுத்து வரும் நீல ஏரி மாவோரிகளுக்கு 'தபு', அதாவது தீண்டக்கூடாத புனிதம், அதன் கரையில் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. நாங்கள் இரண்டையும் செய்திருப்போம்.

அவர்கள் மெதுவாக வந்தார்கள், வேனுக்கு நேரமாகிறதே என்று நாங்கள் முன்னே போனோம். வழியில் எரிமலை ஆபத்துப் பகுதி, நிற்காமல் நடங்கள் என்று ஒரு பலகை. ஏன் என்று சொல்ல ஆளில்லை. பிறகு படித்தேன். 2012 ஆகஸ்ட் 6 இரவு தே மாரி என்ற எரிமலை வாய் வெடித்து, பறந்துவந்த பாறைகள் கேடேடாஹி குடிலின் கூரையைத் துளைத்திருக்கின்றன. அதே வருடம் நவம்பர் 21 அன்று பட்டப்பகலில், பாதையில் ஆட்கள் நடந்துகொண்டிருக்கும்போதே மறுபடி வெடித்திருக்கிறது.

கேடேடாஹி பார்க்கிங்குக்கு வந்தபோது மணி ஐந்தேகால். வேன் இல்லை. முன்னே போன ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டதாம். போன் செய்தால், "நாலரை என்று சொன்னோமே, இரண்டாவது டிரிப்பில் வருவோம்" என்றார்கள். ஏழு மணிக்கு வந்தது. அதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். அத்தான் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினோம். "நான்காவது பத்தியைப் பார்க்கவும்" என்று பதில். இந்தப் பூங்காவில் பணம் வாங்கிக் கூட்டிப்போக, இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் கன்செஷன் என்ற அனுமதி வேண்டும். 'டாக்' என்று எல்லாரும் சொல்வது அந்தத் துறையைத்தான். உங்கள் அனுமதி எண்ணைக் கொடுங்கள் என்று மூன்று மெயில் போட்டோம், மூன்றுக்கும் பதில் இல்லை. நான்காவதில், சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்கிற 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டத்தைக் குறிப்பிட்டு, கிழிந்த கால்சட்டை, பூட்டு விட்ட போல், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினார் அத்தான். (ஸ்கிரீன்ஷாட்டை அன்றைக்கே எடுத்துவைத்தது நல்லதாகப் போயிற்று. ஒரு வாரத்தில் 'அனுபவமிக்க' என்ற வார்த்தை பக்கத்திலிருந்து காணாமல் போயிற்று.) இரண்டே நாளில் 520 டாலர் வந்தது, கூடவே இணையத்தில் நாங்கள் போட்ட விமர்சனத்தை எடுத்துவிடும்படி ஒரு வேண்டுகோளும்.

எடுக்கவில்லை. மீதி 520க்கு அத்தான் சிறு தொகை வழக்குகளைத் தீர்க்கும் டிஸ்ப்யூட்ஸ் டிரிபியூனலில் மனு போட்டிருக்கிறார், விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அந்தம்மா கொடுத்த போல் அக்கா வீட்டு வாசலில் சாத்தி வைத்திருக்கிறது. அவர் எந்த நிறுவனம் என்று கேட்டுவைக்காமல் விட்டோம், அதைத் திருப்பிக் கொடுக்க வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.